தேவசிகாமணிக்கு ஒரு வரி

ஆன்மேரி என்னிடம் கடைசியாகக் கேட்டது ஓர் ஊக்கு. துப்பட்டா காற்றில் பறக்காமல் குத்திக்கொள்ள.

“அதையும் என் சேலையிலதான் புடுங்கணுமா கண்ணு?” என்றேன்.

பிடுங்கிக் குத்திக்கொண்டு ஸ்கூட்டியில் அடிவாரத்துக்கு இறங்கினாள் என் மகள். பாதி மலையில், வளைவில், எதிரே ஏறி வந்த எஸ்டேட் ஜீப் அவளை அடித்துவிட்டு நிற்காமல் போனது.

ஓட்டியவன் தேவசிகாமணி. எங்கள் சபைக்காரன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னான். பிரேக் பிடிக்காத ஜீப் அன்று சாயங்காலம் மலைமேல் வாழவந்தியில் அவன் வீட்டு வாசலில் எப்படி நின்றது என்று யாரும் கேட்கவில்லை. விடுதலையானான்.

ஆறு வருஷம் கழித்து, போன மாதம், தூக்கத்திலேயே செத்துப்போனான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வலி இல்லை, பயம் இல்லை, யாருக்கும் பதில் சொல்லவும் இல்லை.

அவன் மனைவி ஜெஸ்லின் என்னைத் தேடி வந்தாள். வேறு வழியில்லை அவளுக்கு. சபையில் யார் இறந்தாலும் கல்லறைக் கல்லில் பொறிக்கும் வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுப்பேன். தமிழ் டீச்சராக இருந்ததால் என் தலையில் விழுந்த வேலை.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

பெயரையும் இரண்டு தேதிகளையும் எழுதித் தாளை நீட்டினேன். வாசித்துவிட்டுத் தயங்கினாள்.

“ஏனுங்க டீச்சர், எல்லாருக்கும் போடுற அந்த வரி இல்லீங்களே?”

உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் உறங்குகிறார். அந்த வரி.

“அவருக்கு அது எதுக்கு ஜெஸ்லின்? தூங்குறவரு நல்லாத் தூங்கட்டும்.”

அவள் முகம் சுருங்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அவள் தாளை மடிக்கும் வரைதான்.

தூங்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேனே. தூங்கிக்கொண்டே இருந்தால் தப்பித்துவிடுவான், கோர்ட்டில் தப்பித்த மாதிரி.

நியாயத்தீர்ப்பு நாளில் அவன் எழ வேண்டும். கண்ணைத் திறந்து, எழுந்து, அந்த வளைவில் இந்த முறையாவது நிற்க வேண்டும்.

தாளைத் திரும்ப வாங்கினேன். அவன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அந்த வரியை எழுதினேன். ஆழமாக வெட்டச் சொல் என்றேன்.

ஜெஸ்லின் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “மன்னிச்சுட்டீங்க. நொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு.”

நான் மறுக்கவில்லை. ஆறு வருஷத்தில் அன்றுதான் உயிர்த்தெழுதலை முழு மனதோடு நம்பினேன். அவன் ஒருவனுக்காக.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நாற்பது கல்லுக்கு மேல் நான் எழுதிக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கிறது, ஒன்றைத் தவிர.

ஆன்மேரியின் கல்லில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னும் வரவில்லை.