பெயர் வெட்டிய டம்ளர்

சமையலறை அலமாரியில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரும் மருந்து பாட்டிலின் மூடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டம்ளரில் 'பூவிழி' என்று பெயர் வெட்டியிருந்தது. தொட்டிலில் போட்ட அன்று தாய்மாமன் கொண்டுவந்தது. பூவிழி அதில்தான் பால் குடிப்பாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூடியில் ஊற்றிக் கொடுத்த மருந்தையெல்லாம் துப்பிவிட்டாள். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. மருந்தை டம்ளர்ப் பாலில் கலந்து, நிறைய சர்க்கரை போட்டு, "வெறும் பால்தான்டா கண்ணு" என்று நீட்டினாள்.

பூவிழி நம்பிக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அழக்கூட இல்லை.

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் அதன்பிறகு அவள் அந்த டம்ளரைத் தொடவில்லை.

"உன்னைத்தான் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவினாங்களே. இன்னுமா கசக்குது?" என்று மூடி கேட்டது.

"இல்லை. நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன. நான் கசப்புன்னு அவளுக்கு முதல்லயே தெரியும். இப்போ என்னை வெச்சுத்தான் பொம்மைக்குச் சோறு ஊட்டுறா."



"என்னை ஒதுக்கினா ஒதுக்கிட்டுப் போகட்டும், தாங்கிக்குவேன்" என்றது டம்ளர். "இன்னைக்கு மத்தியானம் அம்மா பருப்புச்சோறு பிசைஞ்சு ஊட்ட வந்தாங்க. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கையை மோந்து பார்த்தா."