மே மாதக் காய்ச்சல்

தியேட்டரே குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. ரோமனுக்குப் பக்கத்து இருக்கையில் அவன் அம்மா வாண்டா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு பையன் அவித்த உருளைக்கிழங்கைக் கைக்குட்டையில் சுற்றி நெற்றியில் வைத்து வைத்து எடுத்தான். அவன் அம்மா வந்து தொட்டுப் பார்த்து, "கொதிக்குதே, இன்னைக்கு ஸ்கூலுக்குப் போக வேண்டாம்" என்று போர்த்திவிட்டாள். அவள் வேலைக்குக் கிளம்பி வாசல் கதவைச் சாத்தியதும் பையன் ஜன்னல் வழியாகக் குதித்து ஊர்சுற்றக் கிளம்பினான்.

ரோமன் எழுதி வெளிவந்த முதல் படம் அது. ஹாலிவுட்டிலிருந்து சொந்த ஊரான மில்வாக்கிக்கு வந்து, அம்மாவுக்குப் புது உடை எடுத்துக்கொடுத்து, முதல் நாளே கூட்டி வந்திருந்தான். படத்தில் வந்த கூத்தெல்லாம் பதினேழு வயதில் அவனே அடித்ததுதான்.

அப்பாவை மட்டும் மாற்றியிருந்தான். சாப்பாடு ஆறியிருந்தால் தட்டை விட்டெறிகிற மனிதர், படத்தில் சிரித்த முகமாக பைப் புகைத்துக்கொண்டிருந்தார். நிஜ அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவை உள்ளபடியே எழுதியிருந்தான்.

பெரிய சிரிப்பு இனிமேல்தான் வர இருந்தது. அது ரோமனுக்குத் தெரியும். இப்போதே எழுந்து அம்மாவை வெளியே கூட்டிப் போய்விடலாமா என்று தோன்றியது.

ஏரிக்கரையெல்லாம் சுற்றிவிட்டு ஓட்டமாய் ஓடி வந்த பையன், ஷூவோடு கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டான். அடுத்த நொடி அம்மா உள்ளே வந்தாள். வேலை முடிகிற நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டாள். வெளியே மே மாத வெயில். அவளோ கனமான கம்பளிக் கோட்டும் சர்ச்சுக்குப் போட்டுப் போகிற ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியுமாக நின்றாள்.

ஓடி வந்த வியர்வையில் தொப்பலாய் நனைந்திருந்தவன் நெற்றியைத் தொட்டு, "காலையிலவிட இப்ப அதிகமா இருக்கே" என்று கலங்கினாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கோழி சூப் ஊட்டினாள். பையன் போர்வைக்குள் ஷூவைக் கழற்றப் பாடுபட்டான்.

தியேட்டர் இரண்டுபட்டது. பின்வரிசையில் யாரோ காலால் தரையைத் தட்டினார்கள். ரோமன் ஓரக்கண்ணால் பார்த்தான். அம்மாவின் கன்னத்தில் திரையின் வெளிச்சம் ஈரமாய் மின்னியது.

எந்த எழுத்தாளனுக்கும் எளிதில் கிடைக்காத சிரிப்பு அது. அவனுக்கு வாய் கசந்தது.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டு ஹெலன் பிடித்துக்கொண்டாள். "வாண்டா, அந்த ஏமாந்த அம்மா நீதானே? அந்த வெயில்ல கோட்டு போட்டுக்கிட்டு யாராவது வருவாங்களா? வயிறு வலிக்கச் சிரிச்சேன் போ."

"நான்தான்" என்றாள் வாண்டா.

வெள்ளிக்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி மீன் சாப்பிடப் போனார்கள். பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் வந்தன. அம்மா முள்கரண்டியைக் கையில் எடுக்கவே இல்லை. ரோமன் தன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, என்னைத் திட்டிடு."

"எதுக்குடா திட்டணும்?"

"உன்னைப் பார்த்து ஊர் சிரிக்க வெச்சுட்டேன். ஹெலன் அத்தை பேசினப்போ எனக்குத் தூக்குப் போட்டுக்கலாம் போல இருந்தது. எழுதும்போது இப்படித் தோணலை. உன்னைப் பத்தி எழுதினா ஜனங்களுக்குப் பிடிக்கும்னுதான் நினைச்சேன்."

"ஜனங்களுக்குப் பிடிச்சுதே."

"உனக்குப் பிடிக்கலையே."

அம்மா மேசைவிரிப்பில் இருந்த சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். நீவ நீவ அது திரும்பிக்கொண்டது.

"சிரிச்சதெல்லாம் பரவாயில்லைடா. நான் அதையா நினைச்சுக்கிட்டு இருக்கேன்?" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த உருளைக்கிழங்கு சமாச்சாரம், நிஜமாவே நடந்ததா? இல்ல, படத்துக்காக நீயா சேர்த்தியா?"

ரோமனுக்குக் காது சுட்டது. "நிஜம்தான்மா."

"அப்போ அன்னைக்கு உனக்குக் காய்ச்சலே இல்ல."

"இல்ல."

"நான் திரும்பி வந்தப்போவும்?"

"ஓடி வந்த சூடும்மா அது. இத்தனை வருஷத்துல உனக்கு எப்படியும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நீ தெரிஞ்சும் தெரியாத மாதிரி விட்டிருப்பேன்னு."

"தெரியாதுடா" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அதிகமாக வருத்தியது.

"மன்னிச்சிடும்மா. ஒரு நாள் மட்டம் போடத்தானே பார்த்தேன்? விளையாட்டுப் புத்தி. அதனால யாருக்கு என்ன ஆச்சு?"

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்புறம் மேசைமேல் கையை நீட்டி, அன்று போலவே அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"அன்னைக்கு உங்கப்பாவை விட்டுட்டுப் போயிடலாம்னு பெட்டியோட பஸ்ல ஏறி உட்கார்ந்துட்டேன்டா, உனக்குக் காய்ச்சலாச்சேன்னுதான் இறங்கி வந்தேன்."