கருணை இல்லாத தவளை

“தவளை தண்ணியில விழுந்தா எப்படிங்க சாகும்?”

மனைவி கேட்டதும் விமர்சகரின் முகம் சுருங்கியது. திரையில், குடை பிடித்த பச்சைத் தவளை மிதக்கும் கட்டையைத் தவறவிட்டு ஆற்றில் விழுந்து, இரண்டு குமிழி விட்டு, அன்றைக்கு எத்தனையாவது முறையோ செத்துக்கொண்டிருந்தது.

“அது குறியீடு. உனக்குப் புரியாது. நீ போனை ஆடாம பிடி.”

விமர்சகர் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மற்ற நேரமெல்லாம் வீடியோ கேம்களைப் பற்றி இணையத்தில் பேசுபவர். ‘விளையாடினேன்’ என்று சொல்ல மாட்டார், ‘அணுகினேன்’ என்பார். கூடத்தின் பாதியைத் துணி கட்டி மறைத்து, அதற்கு ‘ஸ்டுடியோ’ என்று பெயரும் வைத்திருந்தார். துணிக்கு அந்தப் பக்கம் மாமியார் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. தைத்த பொத்தானையே பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார்.

குடைத் தவளையின் முதல் பாகத்தை முழுக்க முடித்து, கடைசிக் காட்சியைப் படம்பிடித்துப் போட்டபோதுதான் விமர்சகரை நாலு பேருக்குத் தெரிந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் கம்பெனி இரண்டாம் பாகத்தை வெளியீட்டுக்கு முன்பே அனுப்பியிருந்தது. அதுவரை வேறு யார் கண்ணிலும் அது படக்கூடாது. நாளை இரவுக்குள், ஆட்டத்தை முடித்ததற்கான படத்தோடு ஒப்பீட்டு விமர்சனம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் விமர்சகர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

அவர் இன்னும் முதல் ஆற்றையே தாண்டவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு போனைப் பார்த்தார். “நண்பர்களே, முதல் பாகம் ஒரு காவியம். இரண்டாம் பாகம் வெறும் வணிகம். முதல் பாகத்தில் தவளை தன் குளத்தைத் தேடியது. இதிலோ, தவளை தன்னையே தொலைத்துவிட்டது.”

“எங்கங்க தொலைச்சது? அந்த ஆத்தங்கரையிலயேதானே நிக்குது.”

“ரெக்கார்டிங் நடுவுல பேசாதே.”

“இல்ல, கம்பெனிக்காரன் என்ன எழுதியிருந்தான்? முதல் பாகம் ரொம்பக் கஷ்டம்னு எல்லாரும் அழுததால இதைச் சுலபமாக்கியிருக்கோம்னுதானே?”

“சுலபம் வேற, கருணை வேற. முதல் பாகத்துக்குக் கருணை இருந்துச்சு. எரிமலைப் பாலத்துல நான் திண்டாடினது ஞாபகமிருக்கா?”

“மறக்குமா? ரிமோட்டைத் தூக்கிப் போட்டதுல பூச்சாடி போச்சு.”

“அது ரிமோட் இல்லை, கன்ட்ரோலர். அப்படியே விட்டுட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து உக்காந்தா வழி திறந்திருந்துச்சு. பனிக்குகையிலயும் அப்படித்தான். கடைசியில அந்த ராட்சச மீன்கிட்டயும் அப்படித்தான். மல்லுக்கட்டாம விலகிப் போறவனை மதிக்கிற விளையாட்டு அது. ‘காத்திருப்பின் அழகியல்’னு நான் தனி வீடியோவே போட்டேனே.”

“ஆபீஸ்ல நல்லா தூங்கியிருப்பீங்க. மூளை தெளிஞ்சிருக்கும்.”

துணிக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமினார்.

“இதுல பாரு. காலையில எங்க விட்டுட்டுப் போறேனோ, சாயங்காலமும் அங்கயே முழிச்சுக்கிட்டு நிக்குது. ஆன்மா இல்லாத தவளை.”

“ஆன்மா இல்லாததுக்குத்தான் இவ்வளவு காவலா? ஒரு வாரமா கேம் பெட்டிக்குப் பாஸ்வேர்ட் போட்டு வச்சிருக்கீங்க. இந்த வீட்டுல யாருங்க உளவாளி, எங்கம்மாவா?”

“ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். என் பொண்டாட்டியா இருந்தாலும் சரி, உங்கம்மாவா இருந்தாலும் சரி.”

இன்னொரு முறை முயன்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தோளையும் சேர்த்துச் சாய்த்துத் தவளையைத் தாவ வைத்தார். தோள் அக்கரைக்குப் போனது. தவளை குமிழி விட்டது.

விமர்சகர் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். காவியம், வணிகம் எல்லாம் குரலிலிருந்து இறங்கிப் போயிருந்தன.

“நாளைக்கு முடிச்சு அனுப்பலைன்னா என் பேர் போச்சு. இனிமே எவனும் எனக்கு ஒரு கேம் அனுப்ப மாட்டான்.”

மனைவிக்குப் பாவமாகத்தான் இருந்தது. “முடியலைன்னு உண்மையை எழுதிடுங்களேன்.”

“நானா? முதல் பாகத்தைத் தனியாளா முடிச்சவன், முதல் ஆத்தைத் தாண்ட முடியலைன்னு எழுதறதா? சிரிக்க மாட்டாங்க?”

ஸ்டுடியோத் துணி விலகியது. கையில் ஊசி நூலோடு மாமியார் வந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைச் சற்று நேரம் பார்த்தார்.

“குதிச்ச உடனே குடையை விரிக்கக் கூடாது மாப்பிள்ளை. பாதி தூரம் போனப்புறம்தான் விரிக்கணும். எரிமலைப் பாலத்துலயும் அதேதான்.”

மனைவி சிரிப்பை அடக்கியதில் கையிலிருந்த போன் ஆட ஆரம்பித்தது. விமர்சகர் மடியிலிருந்த கன்ட்ரோலரையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாளைக்கு ஆபீஸ் கிளம்பும்போது அந்தப் பாஸ்வேர்டை மட்டும் எடுத்துவிட்டுட்டுப் போங்க,” என்றார் மாமியார், நூலைப் பல்லால் அறுத்தபடி. “சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள, முதல் பாகம் மாதிரியே இதுக்கும் கருணை வந்துடும்.”