நேற்றைய பதில்

சத்தம் இல்லை.

கதவைத் திறந்ததும் அவளுக்கு அதுதான் உறைத்தது. குவாண்டம் கணினியைக் குளிர்விக்கும் பம்பு எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். இன்று ஆய்வுக்கூடம், பிணத்தை எடுத்துப்போன பிறகு இழவு வீடு கிடப்பது மாதிரி கிடந்தது.

திரையில் மட்டும் எல்லாம் பச்சை. பிழை ஏதும் இல்லையாம்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெனடிக்ட் தரையில் உட்கார்ந்து பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையே செத்துப்போச்சு மேடம். திரை இப்பவும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுது. அதை நம்பி நான் உள்ள வந்தே பாக்கலை."

இன்று திங்கள்.



இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள் அவள் எழுதியது. முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அது இயந்திரத்திடம் நூறு கேள்வி கேட்கும். சரியாக இருக்கிறாயா, இப்போது எப்படி, இப்போது? பாதி நேரம் அதிலேயே போய்விடும். அவள் அதை வெட்டி எறிந்தாள். நேற்றுக் கேட்ட கேள்விதானே? நேற்றைய பதிலையே எடுத்துக்கொள். மாறுதல் இருந்தால் இயந்திரமே சொல்லும்.

செத்தது எப்படிச் சொல்லும்?

வேகம் இரண்டு மடங்கானது. சனிக்கிழமை திருவனந்தபுரத்துக் கருத்தரங்கில் இதே பச்சைத் திரையை நேரலையில் காட்டிக் கைதட்டு வாங்கினாள். பிணத்தை வைத்து வாங்கிய கைதட்டு. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவளுடையதற்கு அந்த எட்டு நாள்கூட இல்லை.

சீ, என்ன பிழைப்பு.

இயக்குநரிடம் சொல்ல வேண்டும். போனை எடுத்தாள்.

எடுத்த கை அப்படியே நின்றது.

இதே வேலையை இன்னொரு இடத்திலும் செய்திருக்கிறாள்.

சாத்தூரில் அம்மா தனியாக இருக்கிறாள். ஆபீஸ் நேரத்தில் கூப்பிடாதே என்று சொல்லிவைத்ததால், தினமும் ஒரு மணிக்கு ஒரு வரி அனுப்புவாள். சாப்ட்டியா தாயி? தினமும் அதே கேள்வி. மார்ச் மாதம் இவள் அதற்கும் ஒரு சின்ன நிரல் எழுதித் தன் போனில் போட்டுவிட்டாள். அம்மாவிடமிருந்து எது வந்தாலும் பதில் தானாகப் போய்விடும்.

அதன்பிறகு அந்தப் பக்கத்தை அவள் திறந்து பார்க்கவே இல்லை.

திறந்தாள்.

வெள்ளி: கண்ணுல புரை முத்திருச்சாம் தாயி. செவ்வாக்கிழமை அறுக்கணுமாம்.

சாப்ட்டேன்மா. நீ சாப்ட்டியா?

சனி: பயமா இருக்கு. ஒருவாட்டி பேசு.

சாப்ட்டேன்மா. நீ சாப்ட்டியா?

ஞாயிறு: நீ யாரோ தெரியலை தம்பி. என் மக இல்லை. ஆனா தெனமும் சாப்ட்டியான்னு கேக்குறே. நல்லாருப்பே.

சாப்ட்டேன்மா. நீ சாப்ட்டியா?

எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னாச்சு மேடம்?" என்று பெனடிக்ட் கேட்டது காதில் விழவில்லை. அம்மாவின் எண்ணைத் தேடினாள்.

மணி ஒன்று.

போன் அதிர்ந்தது.

சாப்ட்டியா தம்பி?

அவள் விரல் இன்னும் எதையும் தொடவில்லை.

பதில் போய்விட்டது.