மூன்றாவது வளைவில் மண்வேலை

மண்வெட்டியை ஓங்கியவன் அப்படியே நின்றான்.

"வெளி ஓரத்த இன்னுங் கொஞ்சம் இறக்கு," என்றான் மருதாசலம், சக்கர நாற்காலியிலிருந்து.

இறக்கினான்.

வளைவின் வெளி ஓரம் உயர்ந்திருக்க வேண்டும். வேகமாக வரும் சைக்கிளை அந்த மண்கரைதான் தாங்கித் திருப்பிவிடும். ஓரம் தாழ்ந்திருந்தால் பள்ளத்தில் தள்ளிவிடும். குன்றில் சைக்கிள் ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும். இருவரும் பன்னிரண்டு வருடம் சேர்ந்து ஓட்டியவர்கள்.

மருதாசலம் போன ஐப்பசி வரைக்கும்.

பள்ளம் முப்பது அடி. அடியில் பாறை.

இது புறம்போக்குக் குன்று. பாதையைச் சீராக்க எந்த அரசாங்க ஆளும் வரப்போவதில்லை. ஞாயிறானால் சைக்கிள்காரர்களே கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஏறிவிடுவார்கள். கூலி கிடையாது. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: வளைவைச் சரிசெய்தவனே அதில் முதலில் ஓட்ட வேண்டும்.

ஐப்பசி மழை இந்த வளைவை அரித்தபோது மண் போட்டவன் இதே மண்வெட்டிக்காரன்தான். போட்டான், காலால் மிதித்தான், கிளம்பிவிட்டான். ஓட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு மாமனார் வந்திருந்தார். பிரியாணி ஆறிவிடுமாம்.

'மூணாவது வளைவு ரெடி' என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி மட்டும் போட்டான்.

மறுநாள் காலை மருதாசலம் அதை நம்பி வந்தான். புதுமண்ணில் ஒரு டயர்த் தடமும் இல்லாததை அவன் கண்டபோது சைக்கிள் வழுக்கிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எட்டு வாரம். மண் போட்டவன் தினமும் போய் உட்கார்ந்தான். ஓட்டிப் பார்க்காததை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மருதாசலமும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமை அவனைத் தின்றது.

நேற்று மருதாசலமே கூப்பிட்டான். அந்த வளைவைச் சரிபண்ணலாம், வா என்றான். மன்னித்துவிட்டான் என்று நினைத்து ஓடி வந்தான், மடையன்.

"நாலு பேரு தூக்கிட்டு வந்தாச்சு. பாதிச் சடங்கு முடிஞ்சுது," என்று மருதாசலம் சிரித்தபோது எல்லோருமே சிரித்தார்கள். தூக்கி வந்த நால்வரும் கீழே உண்ணிச்செடி வெட்டப் போய்விட்டார்கள்.

அவர்களில் ஒருவன் மட்டும் தண்ணீர் எடுக்க மேலே வந்தான். வளைவைப் பார்த்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, வெளிய சாயுதே?"

"மழத்தண்ணி ஓடோணுமில்ல, கண்ணு."

சக்கர நாற்காலியில் இருப்பவனோடு யார் வாதம் செய்வார்கள்? பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

மண்வெட்டிக்காரன் திமிசுக்கட்டையால் மண்ணை இடித்தான். நன்றாக இடித்தான். இந்த முறை ஒரு கையகலம்கூட விடவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

மருதாசலம் நாற்காலியைப் பின்னுக்கு உருட்டி வழிவிட்டான்.

அவன் சைக்கிளை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஹெல்மெட்டை மாட்டினான். பயமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக இறங்கலாம். காலை ஊன்றி ஊன்றிக்கூட இறங்கலாம். ஒன்றும் ஆகாது. சட்டப்படி ஓட்டியதாகவும் ஆகிவிடும்.

கீழிருந்து மருதாசலத்தின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"நான் அன்னிக்கி பிரேக் புடிக்கல, மாப்ள. நீதான் ரெடின்னு சொல்லியிருந்தியே."

உண்ணிச்செடி வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்தான். முதலில் இடது கை.

பிறகு வலது.