கிருத்திகைப் பூனை

பூனை அவன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்தி, வலதுகையை அதனிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

விசிறியோடு நின்ற அவன் பெண்டாட்டி பிரம்மநாயகி வீசுவதை நிறுத்தினாள். சீ, என்ன கண்றாவி! அந்த நாக்கு இன்று எங்கெல்லாம் போய்வந்தது என்று அவளுக்குத் தெரியும். காலையில் பல்லி வால். மத்தியானம் தொழுவத்தில் கன்றுக்குட்டியின் வாயில் வழிந்த நுரை. அதற்குப் பிறகு மாமனாரின் படிக்கம். வெற்றிலை எச்சில் என்றால் அந்தச் சனியனுக்கு அவ்வளவு இஷ்டம்.

கையை ஒப்புக்கு நனைத்துவிட்டு மந்திரமூர்த்தி சோற்றைப் பிசைந்தான்.

இதே இலையில்தான் அடுத்து அவள் சாப்பிட வேண்டும்.

புருஷன் உண்டு எழுந்த இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு வருகிறாள். புருஷன் எச்சிலுக்கு மேலே பூனை எச்சிலும் என்றால் மனுஷி என்ன செய்வாள்?

போன கிருத்திகைக்கு, இரண்டு கவளம் உள்ளே போனதும் புறவாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வீட்டில் எல்லாரும் வேறு நினைத்து முதலில் சந்தோஷப்பட்டார்கள். இல்லையென்று தெரிந்ததும் மாமியார் சொர்ணாம்பாள் பிடித்துக்கொண்டாள்.

"வெரதச் சோத்தையாட்டி கக்குதே? இன்னொருக்கா இப்பிடிப் பண்ணு, ஒங்க அப்பா வீட்டுல கொண்டு விட்டுருதேன்."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

இத்தனைக்கும் மற்ற நாட்களில் இந்தப் பூனை மந்திரமூர்த்தியை ஏறிட்டும் பார்க்காது. கிருத்திகைதோறும் அவன் தாலுகா கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டினி விரதமாகக் குறுக்குத்துறை முருகனைக் கும்பிடப் போய்ப் பொழுது சாயத் திரும்புவான். அன்றைக்கு மட்டும் வாசலிலேயே காத்துக் கிடந்து, அவன் விரலையும் துண்டையும் விடாமல் நக்கும். கையில் ஒட்டிய கோயில் திருநீற்றை நக்குகிறது, போன பிறவியில் பெரிய பக்தையாக இருந்திருக்கும் என்று சொர்ணாம்பாள் தெரு முழுக்கச் சொல்லி, அதற்கு வள்ளி என்று பேரும் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பூனையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். கூத்துதான் போங்கள்!

மந்திரமூர்த்தி வழக்கம்போல நாலு வாய் கொறித்துவிட்டு எழுந்தான். விரதம் இருந்து இருந்து குடல் சுருங்கிவிட்டதாம். வடையை விண்டுகூடப் பார்க்கவில்லை. துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு மச்சுக்குப் போய்விட்டான்.

பூனை ஒரே தாவில் துண்டை இழுத்துக் கீழே போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து சப்ப ஆரம்பித்தது.

"உக்காருட்டி, சோறு காயுது பாரு" என்றாள் சொர்ணாம்பாள். அவளும் இன்னும் சாப்பிடவில்லை. மாமனார் உண்டு எழுந்த இலை அவளுக்காகக் கிடந்தது.

பிரம்மநாயகி உட்காரவில்லை. காலையிலிருந்து அவளுக்கும் பச்சைத் தண்ணீர்தான்; பசியில் கண்ணை இருட்டியது. எல்லா ஆத்திரமும் பூனை மேல் திரும்பியது. திருநீறுதானே வேண்டும், தின்று தொலை என்று திருநீற்று மரவையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

பூனை மோந்து பார்த்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி துண்டைச் சப்பப் போனது.

அவள் துண்டைப் பிடுங்கினாள். பூனை எச்சில் கொழகொழவென்று கையில் பட்டது. கருமமே என்று மூக்கருகே கொண்டுபோனாள்.

இந்த வாடை அவளுக்குத் தெரியும். ஆனித் தேரோட்டத்துக்கு வந்தபோது சந்தை முக்கில் வில்வண்டி நின்றுவிட, உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே கூடை கூடையாக மீன்.

மீன்காரி எட்டிக்கூடப் பார்க்காத சைவத் தெரு இது. இந்த வீட்டுக்குள் அந்த வாடை இருக்கிற ஒரே இடம், அவள் கையில் இருந்த துண்டு.

பட்டினியாம். விரதமாம். குடல் சுருங்கிவிட்டதாம்! எந்த வீட்டிலோ, எவள் கையாலோ, மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து மிச்சம் வைத்த இலை. தூ! இதற்கு அந்தப் பூனையே சுத்தம்.

"அத்தை, இத மோந்து பாருங்க."

சொர்ணாம்பாள் மோந்து பார்க்கவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு போய் அடுப்படி மூலையில் இருந்த சட்டியில் முக்கினாள். சட்டித் தண்ணீரில் எலுமிச்சம்பழத் தோல் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தது.

"சத்தம் போடாத. இதுக்குத் தாய்ப்பூனை ஒண்ணு இருந்துது. அது ஒங்க மாமா துண்ட நக்கும். அப்பவும் பக்தின்னு தெருவுல சொல்லி வச்சது நாந்தான்."

கூடத்தில் மாமனார் தேவாரம் பாட ஆரம்பித்தார். கணீரென்ற குரல்.

பிரம்மநாயகி குனிந்தாள். சோறும் வடையுமாக அந்த இலையைச் சுருட்டி எடுத்துப் புறவாசலில் கொண்டுபோய் வீசினாள். அப்பா வீடு என்றால் அப்பா வீடு, போய்க்கொள்ளலாம். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது மாமனாரின் எச்சில் இலையைக் காணோம். கழுவின தலைவாழை இலைகள் இரண்டு எதிரெதிரே கிடந்தன. ஒன்றின் முன்னால் சொர்ணாம்பாள் உட்கார்ந்து, தனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.