சொல்லாமல் விட்ட பாதி

ஆலோசகரின் கை செல்போனுக்குப் போனதும் மாரீஸ்வரியின் அழுகை சட்டென்று நின்றது.

"யாருக்கு மேடம் போன் போடுறீங்க?"

மனநல ஆலோசகராக இருப்பவள் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் புகார் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம்.

மாரீஸ்வரியிடம் முதல் பாதியைச் சொன்னாள். மற்ற பாதியை விழுங்கிவிட்டாள்.

அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. இவளாவது பேசட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பெரிய கெட்டிக்காரி.

தூக்கம் வரவில்லை என்றுதான் மாரீஸ்வரி வந்தாள். குலசாமி கோயிலில் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் பேரை எடுத்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.

ஏன் என்று கேட்டதற்குப் பிள்ளை சொன்னதைத்தான் மாரீஸ்வரி சற்றுமுன் மேசையில் தலையைக் கவிழ்த்தபடி சொல்லி முடித்தாள்.

பிள்ளையை வேறு யார் மடியிலாவது உட்காரவைக்க வேண்டும். ஊருக்குச் சொல்ல ஒரு சாக்கு வேண்டும். அதற்கு மேல் மாரீஸ்வரி எதுவும் கேட்கவில்லை.

இப்போது சட்டத்தைச் சொன்னாள் ஆலோசகர்.

"வெளிய போகாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மட்டும் என்ன? நம்பி வந்தவளை ஏமாற்றியது ஏமாற்றியதுதான்.

போனைக் கீழே வைக்கவில்லை. குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினாள்.

மாரீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்.

"எங்கண்ணன் வந்து கேட்டா, இந்த மேடம்தான் நைசாப் பேசி எங்கிட்டருந்து கறந்துட்டாங்கன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க. அதுதானே நடந்துச்சு."

"ஊரே கூடிக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லுங்க."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். குழந்தை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

ஆலோசகருக்குத் தெரியவில்லை.

மாரீஸ்வரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னாள்.

பிறகு, யாரும் கேட்காமலே, அண்ணன் வீட்டுக்கு வழி சொன்னாள்.